வடிகட்டின கடல்

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்நாளில் இரண்டு சங்கதி கிடையாது: ஒன்று மின்வெட்டு, இன்னொன்று கடல். முதலாவது இல்லை என்கிற தைரியத்தில் இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவந்தார் எங்கள் சித்தப்பா. அது எண்பதுகளின் தொடக்கம். சுரங்கத்தில் பம்ப் பிரிவில் வேலை, குவார்ட்டர்ஸ் முன்னறையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. இப்போது அதே டவுன்ஷிப்பில், வேறொரு பிளாக்கில், என் அக்கா மகன் நாலடித் தொட்டி வைத்திருக்கிறான். இரண்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லாமல் அவருடைய தொட்டியைச் சொல்ல முடியாது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கூடவே கறுப்பாக ஏதோ வந்ததில் தொடங்குகிறது அந்த ஊரின் கதை. 1956-இல் சுரங்க நிறுவனம் பிறந்தது, 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். பம்ப் நின்றால் தண்ணீர் கீழிருந்து முட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே ‘தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும்’ என்பது சித்தப்பாவுக்குக் குலதெய்வ வாக்கு. கடல்மீன் வளர்ப்பு பற்றி அவருக்குத் தெரிந்த அறிவியலும் அவ்வளவுதான். பார்க்கப்போனால் பாதி அறிவியல் அதுவேதான்.

எந்த வடிகட்டி வாங்குவது என்கிற குழப்பம் அவருக்கு வந்ததே இல்லை. விற்பனையில் இருந்ததே ஒன்றுதான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கிய ஓட்டைத் தட்டு, அண்டர் கிராவல் ஃபில்டர். வெள்ளை பிளாஸ்டிக் தட்டை அடியில் போட்டு, அதன்மேல் மூன்று விரற்கடை உயரத்துக்குச் சல்லி பரப்ப வேண்டும். மூலையில் ஒரு குழாய் நிற்கும். ஏர் பம்ப் அதற்குள் காற்றை ஊத, குமிழியோடு தண்ணீர் மேலே ஏறும். ஏறிய தண்ணீருக்கு ஈடாக மேல்தண்ணீர் சல்லி வழியாகக் கீழே இறங்கும். சல்லிதான் வடிகட்டி. கடையில் கொடுத்த கலர்க்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சுண்ணாம்புக்காரர்கள் சுடுகிற கிளிஞ்சலை வாங்கி உடைத்துப் பரப்பினார் சித்தப்பா. அழகுக்காகச் செய்தார். கிளிஞ்சல் மெல்லக் கரைந்து தண்ணீர் புளித்துப்போகாமல் தாங்கும் என்பது பிற்பாடு புத்தகம் பார்த்துத் தெரிந்தது.

ஏர் பம்பைச் சுவரில் ஆணியடித்து, சணல் கயிற்றில், தொட்டி நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். உறுமல் குறையட்டும் என்று சித்தி நினைத்தாள். சித்தப்பாவின் கணக்கு வேறு. பம்ப் கீழே இருந்து, ஒரு நொடி நின்றாலும் தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்பை மூழ்கடித்துவிடும். மின்வெட்டே தெரியாத ஊரிலும் மின்வெட்டுக்குத் தயாராக இருந்தவர் அவர். சுரங்கத்து ஆட்கள் அப்படித்தான்.

தண்ணீர் கடலூரிலிருந்து வந்தது. தேவனாம்பட்டினத்தில் கட்டுமரக்காரர் ஒருவர், “கரைத் தண்ணி கலங்கலுங்க, உள்ள போய் மொண்டாரேன்” என்று அலை தாண்டிப் போய்க் கேனை நிரப்பிக்கொண்டு வருவார். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, நெய்வேலி என்று பஸ் வழி. நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீடு. பள்ளி விடுமுறையென்றால் நானும் ஏறிக்கொள்வேன், கேனுக்குக் காவலாக. கண்டக்டர் மோந்து பார்ப்பார். 

“என்னங்க இது, சரக்கா?”

“கடல் தண்ணிங்க.”

சரக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கடல் தண்ணியை டிக்கெட் எடுத்து நெய்வேலிக்குக் கொண்டுபோகிறவனை எந்தக் கண்டக்டர் நம்புவார்? லக்கேஜ் போட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நெய்வேலி ஆர்ச் வரைக்கும் ஒரு கண்ணை எங்கள் மேலேயே வைத்திருப்பார்.

மீன்கள் செத்தன. அழகானவை முதலில் செத்தன. தண்ணீர் பளிங்குபோல இருந்தது, குமிழி ஓடியது, மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ மீன் பக்கவாட்டில் மிதந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் வந்து பார்த்துவிட்டுப் போன நாளையும் மீன் செத்த நாளையும் பொருத்திப் பார்த்து, கண்திருஷ்டி என்று சித்தி தீர்ப்பளித்தாள். தொட்டியின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் கூடத் தொங்கியது.

குற்றவாளி அமோனியா. மீன் மூச்சுவிடுகிற செவுள் வழியாகவே அது கசியும்; தின்று மிஞ்சிய இரை அழுகினாலும் வரும். சல்லியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது ஓரளவுக்குப் பொறுத்துப்போகும். இந்தக் குடியேற்றத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டி என்பது வெறும் கண்ணாடிப் பாத்திரம். இதில் விசேஷம் என்னவென்றால், அதே நெய்வேலியில் அப்போது உரத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. அமோனியா செய்து, யூரியாவாக்கி மூட்டை கட்டினார்கள். ஊரின் ஒரு கோடியில் பொறியாளர்கள் கூட்டம் பாடுபட்டுத் தயாரித்த சரக்கை, எங்கள் சித்தப்பா முன்னறையில் செலவே இல்லாமல் தயாரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் போய்க் கடைசியில் நின்றது ஒரு கீச்சான். கட்டுமரக்காரர் வலையில் தப்பி வந்த சுண்டுவிரல் நீளக் குஞ்சு, முதுகில் வளைவளைவாகக் கறுப்புக் கோடு. சட்டியில் போட வேண்டிய சாதி மீன். கழிமுகச் சேற்றிலும் கடல் உப்பிலும் மாறி மாறி வளர்கிறதற்கு அமோனியாவெல்லாம் ஒரு பொருட்டா? பின்னால் சேர்த்துவிட்ட மீன்களின் வாலைக் கடித்தே அது பெரிதானது. உள்ளங்கையளவு ஆனபோது சித்தி அதை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியதாக எனக்கு ஞாபகம்.

இனி இக்காலம்.

அக்கா மகன் சுரங்கத்தில் இன்ஜினியர். தொட்டி வாங்கி முன்னறையில் வைத்தான்: நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு தொட நிரப்பினால் 255 லிட்டர் கொள்ளும். வைத்து மாதக்கணக்காக அதில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கேட்டால், “மாமா, மொதல்ல ஃபில்ட்ரேஷன் முடிவாகணும். மீன் அப்புறம்” என்றான். சித்தப்பா வீட்டில் மீன் வந்த பிறகு வடிகட்டியைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். இங்கே வடிகட்டியைப் பற்றிய கவலை மீனை வரவே விடவில்லை.

அவன் ஆய்வை நானும் கூடவே படித்தேன். முதலில் கேனிஸ்டர். மூடிபோட்ட டப்பாவுக்குள் பஞ்சும் செராமிக் வளையமும் அடுக்கி, தண்ணீரை அழுத்திச் செலுத்துவது. கச்சிதம், சத்தமில்லை, நன்னீர் மீனுக்கு அருமை. ஆனால் உள்ளே சேரும் கசடு உள்ளேயே ஊறி நைட்ரேட்டாக வெளிவரும். அடிக்கடி திறந்து கழுவ வேண்டும். அதைவிட மோசம், மின்சாரம் போனால் மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பிராணவாயுவை பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டுச் சாகும். கரண்ட் திரும்பியதும் அந்த அழுகல் நேராகத் தொட்டிக்குள் போகும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை அக்கா நினைவூட்டினாள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் படுத்துவிட்டன. மின்சாரம் விளைகிற மாவட்டம் மெழுகுவர்த்திக்கு அலைந்தது. கேனிஸ்டர் பட்டியலிலிருந்து நீங்கியது.

அடுத்தது ட்ரிக்கிள் ஃபில்டர். முள்முள்ளான பிளாஸ்டிக் உருண்டைகள் மேல் தண்ணீரைச் சொட்டவிடுவது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியதிலிருந்து உலகமே அந்த உருண்டையை வாங்கியது. காற்றும் தண்ணீரும் நன்றாகக் கலப்பதால் பாக்டீரியா அமோனியாவை மின்னல் வேகத்தில் நைட்ரேட்டாக்கிவிடும். அதோடு கடையைக் கட்டிவிடும். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும்.

மூன்றாவது பெர்லின் முறை. பவளப்பாறை ஆர்வலர்கள் அந்த ஊரில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கடலிலிருந்து எடுத்த நுண்துளைக் கல்லைத் தொட்டியில் அடுக்கினால், கல்லின் மேற்புறத்தில் அமோனியாவைத் தின்னும் கூட்டம் இருக்கும். காற்றுப் புகாத உள்துளைகளில் நைட்ரேட்டையே உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் இன்னொரு கூட்டம் இருக்கும். கூடவே ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர். உயரமான குழலுக்குள் பொடிப்பொடிக் குமிழியைச் செலுத்தும் கருவி அது. மீன் கழிவிலுள்ள புரதம் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே போய் நுரையாகத் திரளும். பருப்பு கொதிக்கும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுப்பதுதான், கரண்டிக்கு மட்டும் ஜெர்மனி விலை. உப்புத்தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமல் பொடியாகவே நிற்பதால்தான் இது கடல் தொட்டியில் நன்றாக வேலை செய்கிறது. மற்ற வடிகட்டிகள் கசடு அழுகிய பிறகு நஞ்சை மாற்றும். இது அழுகுமுன்பே தூக்கி எறியும். மண்ணை வாரும் ராட்சதச் சக்கர யந்திரங்கள் நெய்வேலிக்கு ஜெர்மனியிலிருந்துதான் வந்தன. நுரை வாரவும் அங்கிருந்தே வந்தது பொருத்தம்தான். விலையை அக்கா காதில் அவன் போடவில்லை.

இந்த ஆராய்ச்சியின் நடுவில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. 1961-லேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள கல்லும் கொஞ்சம் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்திக்காட்டிக் கட்டுரையும் எழுதியிருக்கிறார். உலகம் அதைப் படித்துவிட்டு, தட்டு, பஞ்சு, உருண்டை, டப்பா என்று ஒரு சுற்றுச் சுற்றி, கால் நூற்றாண்டு கழித்துக் கல்லுக்கே திரும்பி வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் கடை வைத்திருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள்.

கல்லுக்கு வந்ததும் சட்டம் குறுக்கே வந்தது. சித்தப்பா காலத்தில் ராமேசுவரம் போனவர்கள் கடைத்தெருவில் வெள்ளைப் பவளக்கிளை வாங்கி வருவது, தீர்த்தம் கொண்டுவருவதற்கு அடுத்த கடமை. சித்தப்பா தொட்டியிலும் ஒன்று இருந்தது; கீச்சான் அதன் பின்னால்தான் பதுங்கும். மன்னார் வளைகுடாப் பவளப்பாறையை அன்றைக்குச் சுண்ணாம்புக்கென்றே வெட்டி எடுத்தார்கள். 2001-இல் கல்பவளங்களையும் கடற்குதிரையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியும் யானையும் இருக்கிற அதே பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டில் வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். நல்ல சட்டம். ஆகவே மருமகன் வாங்கியது அச்சில் வார்த்த செயற்கைக் கல். அதில் உயிர் கிடையாது. உயிர் தனியாகப் பாட்டிலில் வந்தது. கல்லை அடுக்கி, பாட்டிலைத் திறந்து பாக்டீரியாவை ஊற்றி, ‘உயிர்க்கல்’ என்று பெயர் வைத்தான். நைட்ரைட்டைத் தின்பது இன்ன பாக்டீரியா என்று அத்தனை பாடப்புத்தகமும் சொன்னது தொட்டிகளில் அப்படி இல்லை, நைட்ரோஸ்பைரா என்ற வேறொன்றுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று 1998-இல் ஆய்வாளர்கள் காட்டியதால் பாட்டில் வியாபாரத்துக்கும் விமோசனம் பிறந்தது.

தண்ணீர்? வங்கக்கடல் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மருமகனோ பூமியிலிருந்து வந்த நெய்வேலித் தண்ணீரை ஆர்ஓ-வில் விட்டு அதிலுள்ள அத்தனையையும் உருவியெடுத்து, வெறும் தண்ணீராக்கி, அதில் கடல்தாண்டி வந்த உப்புப்பொடியை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கலக்குகிறான். 200 லிட்டருக்கு ஏழு கிலோ. “கடலூர்த் தண்ணியே கொண்டுவரலாமேடா?” என்றால், “கரையில என்னென்ன கலக்குதுன்னு யாருக்குத் தெரியும் மாமா?” என்கிறான். கேட்க நன்றாக இல்லை, மறுக்கவும் வழியில்லை. கடலிலேயே பிறந்த மீனுக்குக் கடலை நம்பிக் கொடுக்க முடியாத காலத்துக்கு வந்திருக்கிறோம். 

மீனும் கடலிலிருந்து வரவில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக் கடல் உயிரியல் மையம் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கிறது. 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்து ஊருலகத்துப் பிள்ளைகளெல்லாம் ஆரஞ்சு மீனுக்கு அடம்பிடித்த பிறகு, பாறையிலிருந்து பிடிப்பதைவிட இப்படி வளர்ப்பதே புண்ணியம். மருமகனின் இரண்டு கோமாளிகளும் தொட்டியில் பிறந்த ஜாதி. கடலைக் கண்ணால் பார்க்காதவை. அந்த மட்டில், பாக்கெட் உப்பே அவற்றுக்குப் பூர்வீகம்.

ஒருவழியாக முடிவானது இது. தொட்டி விளிம்பில் வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே, அலமாரிக்குள் இருக்கும் இன்னொரு கண்ணாடித் தொட்டிக்கு இறங்கும். அதற்குச் சம்ப் என்று பெயர். முதல் அறையில் கசடு பிடிக்கும் துணிப்பை, இரண்டாவதில் ஸ்கிம்மர், மூன்றாவதில் இரவில் விளக்குப் போட்டு வளர்க்கும் கடற்பாசி. பாசி நைட்ரேட்டைத் தின்று வளரும், வளர்ந்ததைப் பிடுங்கி எறிந்தால் நைட்ரேட்டும் கூடவே போய்விடும். கடைசி அறையிலிருந்து ஒரு பம்ப் தண்ணீரை மேலே அனுப்பும். அந்தக் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தீக்குச்சி நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தான். துளை இல்லாவிட்டால், கரண்ட் போனதும் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சம்ப் பொங்கி வழியும். துளை இருந்தால், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். சணல் கயிற்றில் தொங்கிய ஏர் பம்பின் பேரன் அந்தத் துளை.

இவ்வளவுக்குப் பிறகும் நைட்ரேட் அடங்கவில்லை. காரணம் எளிது: அக்கா, மீன் பசித்திருக்குமே என்று போகவர ஒரு சிட்டிகை இரை போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கும் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். பாக்டீரியாவுக்குக் கரிமச்சத்து கொடுத்தால் அது பெருகி, பெருகும்போது நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும். பெருகிய பாக்டீரியாவை ஸ்கிம்மர் வழித்துவிடும். மேலைநாடுகளில் இதற்கு வோட்கா ஊற்றுகிறார்களாம். சர்க்கரையும் போடலாமாம், துளித்துளியாக. கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் பாலாகத் திரிந்து மீன் மூச்சுக்குத் தவிக்கும். வோட்கா என்ற சொல் அக்கா காதில் விழுந்ததும் சர்க்கரை டப்பா மேஜைக்கு வந்துவிட்டது. நாங்கள் பிறந்த நெல்லிக்குப்பம், 1842-இலிருந்து சர்க்கரை ஆலை உள்ள ஊர். கரும்புச்சாற்றில் சுண்ணாம்பைச் சேர்த்து, கசடைப் படியவைத்துத் தெளிவாக்குவதைப் பிறந்ததிலிருந்து மோப்பம் பிடித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். சர்க்கரையைச் சுத்தம் செய்யத்தான் வடிகட்டி வேண்டும் என்று நினைத்திருந்தோம். வடிகட்டிக்கே சர்க்கரை வேண்டியிருக்கிறது.

தண்ணீரின் மஞ்சளை எடுக்க ஒரு கரிப்பொட்டலமும் வந்தது. வெளிநாட்டுச் சரக்கு. சின்ன எழுத்தில் எதிலிருந்து செய்தது என்று போட்டிருந்தது: லிக்னைட். பழுப்பு நிலக்கரியில் செய்த கரிக்குத் துளை பெரிது, மஞ்சள் நிறத்தைத் தரும் பெரிய மூலக்கூறுகளை நன்றாகப் பிடிக்குமாம். மூன்று சுரங்கத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, அரைக் கிலோ லிக்னைட்டைக் கூரியரில் வரவழைத்தவன் என்ற பெருமை எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தது.

இத்தனையும் கூட்டிக் கழித்தால் கணக்கு ஒன்றுதான். தொட்டிக்குள் இரையாகப் போகிற நைட்ரஜன் ஏதாவது ஒரு வழியில் வெளியே வந்தாக வேண்டும்: நுரையாகவோ, பாசியாகவோ, வாயுவாகவோ, வாளித் தண்ணீராகவோ. எந்த வடிகட்டி என்பது எந்த வாசல் வழியாக அனுப்புகிறாய் என்ற கேள்வி மட்டுமே. சித்தப்பாவிடம் ஒரே வாசல்தான் இருந்தது: கடலூர் கேன் வந்தால் பழைய தண்ணீரில் கால்வாசியை மாற்றுவார். மருமகனிடம் எல்லா வாசலும் இருக்கின்றன. அவனும் வாரம் தவறாமல் தண்ணீரை மாற்றத்தான் செய்கிறான்.

ஓய்வுபெற்று வடலூரில் இருக்கும் சித்தப்பா போன பொங்கலுக்கு வந்திருந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“மீன் எங்கடா?”

“அதோ, கல்லுக்குப் பின்னால ரெண்டு இருக்கு தாத்தா.”

“ரெண்டுக்கா இத்தனை மெஷினு?”

“மீனுக்கு இல்ல தாத்தா, பாக்டீரியாவுக்கு.”

சித்தப்பா சிரிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, அலமாரிக் கதவைத் திறந்து, சம்பை அறை அறையாகப் பார்த்தார். குழாய்த் துளையை விரலால் தடவி, “நல்லா போட்டிருக்கே” என்றார். பிறகு கடைசி அறையில் ஓடிக்கொண்டிருந்த ஒற்றைப் பம்பைக் காட்டிக் கேட்டார்:

“ஸ்டாண்ட்பை எங்க?”

இன்ஜினியர் என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். ஆறு மாத ஆராய்ச்சியில் அந்த ஒரு வரி மட்டும் இல்லை. அன்றிரவே இரண்டாவது பம்புக்கு ஆர்டர் போனது. அதை எந்த அறையில் வைப்பது என்று மருமகன் இப்போது படித்துக்கொண்டிருக்கிறான்.